மிச்சமிருக்கும் முயலை எப்படிக் காப்பது, மருத்துவச் செலவுக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?

கேள்வி கும்பகோணத்திலிருந்து. மகளின் பிறந்தநாளுக்குச் சந்தையில் 700 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி வெள்ளை முயல்குட்டி வாங்கியிருக்கிறார் ஒரு தாய். ஐந்தாவது வாரம் ஒன்று காலையில் கேரட்டைத் தொடவில்லை. வெயிலாக இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டிருக்கிறார்கள். மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டது. மிச்சமிருப்பதை நல்லபடியாக வளர்க்க என்ன செய்ய வேண்டும், மருத்துவச் செலவுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. தாம்பரத்தில் பதினோரு வருடமாக வீட்டுக்குள் முயல் வளர்க்கிறேன், அவ்வளவுதான். அந்த அனுபவத்திலிருந்தும், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த இரண்டு மருத்துவர்களிடமிருந்தும் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. இரண்டு மூன்று மாதக் குட்டி, சந்தையில் பல குட்டிகளோடு ஒரே கூண்டில் இருந்து வந்தது, திடீரென்று இறந்தது என்றால் என் சந்தேகம் முதலில் காக்சிடியோசிஸ் மீதுதான் போகும். குடலில் வளரும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி அது. ஒன்றுக்கு இருந்தால் கூடவே இருந்த மற்றதற்கும் இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகப் போட்ட புழுக்கை பத்துப் பதினைந்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். முயல் வைத்தியத்திலேயே மிகக் குறைந்த செலவுள்ள பரிசோதனை இது. இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அந்த ஒட்டுண்ணியின் முட்டை புழுக்கையோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. ஈரத்திலும் சூட்டிலும் ஓரிரு நாள் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். அதனால் கூண்டைத் தினமும் சுத்தம் செய்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தாலே பாதி வேலை முடிந்தது. பல கிருமிநாசினிகளுக்கு அது அசைவதில்லை.

இன்னொன்று. ஜோடியை இழந்த முயல் சில நாள் சோர்ந்து உட்காரும், சிலது சாப்பாட்டையே நிறுத்திவிடும். இந்த ஒரு வாரம் அதன் பக்கத்தில் யாராவது இருங்கள். மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தால்கூடப் போதும், அதுவாகவே பக்கத்தில் வந்து படுக்கும்.

இனி, அந்த ஒரு நாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். நாய் ஒருவேளை சாப்பிடாவிட்டால் நாம் பதறுவதில்லை. முயலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதன் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது; அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்க வைக்கின்றன. நார் வருவது நின்றால் குடல் அசைவு குறையும், வாயு சேரும், வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. மருத்துவர்கள் இதை ஜிஐ ஸ்டேசிஸ் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது, உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர வேண்டும்.

முயல் வலியை வெளியே காட்டாது. காட்டில் பலவீனமானதாகத் தெரிந்தால் முதலில் பிடிபடுவது அதுதான் என்பதால் கடைசிவரை மறைக்கும் பிராணி அது. நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்காரும், கண் பாதி மூடியிருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும். தடவிக் கொடுக்கும்போது சுகத்தில் மெல்லக் கடிக்கும் சத்தமும் உண்டு, அது வேறு. வலியில் வருவது உரத்து, இழுத்து வரும். காதைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சில்லென்று இருக்கும். இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி புழுக்கை. நல்ல நாளில் கொண்டைக்கடலை அளவு, உருண்டை, விரலில் நசுக்கினால் வைக்கோல் தூள் போல உதிரும். உடம்பு சரியில்லாதபோது மிளகு அளவுக்குச் சிறுத்து, கறுத்து, கெட்டியாகி, ஒன்றோடொன்று முடியால் கோத்த மாலை போல வரும். அப்புறம் நின்றுவிடும். நான் காலையில் காபி போடுவதற்கு முன்னால் புழுக்கைத் தட்டைத்தான் பார்க்கிறேன்.

(சில சமயம் திராட்சைக் கொத்து போல மெதுவாக, பளபளப்பாக வரும். அது நோயில்லை. சத்தும் வைட்டமினும் உள்ள அதை முயல் நேரடியாகத் தானே தின்றுவிடும், தின்னவும் வேண்டும். அது தரையில் மிச்சம் கிடந்தால் தீவனமோ இனிப்போ அதிகமாகிவிட்டது என்று பொருள்.)

என் முதல் முயல் கறுப்பியை நான் இழந்ததும் இப்படித்தான். கறுப்பி சாப்பிடவில்லை என்று பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வேளை வாயில் ஊற்றினேன். மறுநாள் வயிற்றுப்போக்கு, அதற்கு அடுத்த நாள் கறுப்பி இல்லை. பிறகுதான் தெரிந்தது: பென்சிலின் குடும்ப மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, விஷம் சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நாய், மாடு, கோழி பார்ப்பவர்களிடம் முயல் வருவதே அபூர்வம். ஆனால் நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டால் "டாக்டர், முயலுக்கு இதை வாயில் கொடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. இதேபோல் நாய்க்கு உண்ணி போக பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது, வலிப்பு வந்து சாகும். கடையில் "எல்லாப் பிராணிக்கும் ஆகும்மா" என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, சாப்பாடு. முயலுக்குக் கேரட் பிடிக்கும் என்பதைப் படக்கதையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி, வாரத்துக்கு இரண்டு தடவை கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். சாப்பாடு என்றால் புல்தான். தட்டில் பத்தில் எட்டுப் பங்காவது புல் இருக்க வேண்டும். குடலுக்காக மட்டும் சொல்லவில்லை. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் முள் போல வளர்ந்து நாக்கைக் கிழிக்கும். அதை மயக்க மருந்து கொடுத்துத்தான் ராவ முடியும், ஒருமுறை செய்தால் சில மாதம் கழித்துத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். முயல் வளர்ப்பில் மிக அதிகமாகப் பணம் கரைவது இங்கேதான். பாதிக்கு மேல் புல்லாலேயே தடுக்கக்கூடிய செலவு.

இணையத்தில் எல்லோரும் டிமோதி புல் என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறது, கிலோ பல நூறு ரூபாய். வாங்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கவலை வேண்டாம், நீங்கள் இருப்பது காவிரிக் கரையில். பிள்ளையாருக்குச் சாத்தப் பூக்கடையில் விற்கிற அருகம்புல்லே முயலுக்கு அருமையான உணவு. கட்டாக வாங்கி, நன்றாக அலசி, பாதியைப் பச்சையாகக் கொடுங்கள். மீதியை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வாசம் மாறாமல் உலர்ந்தால் நல்ல உலர்புல், பூசணம் பிடித்து மக்கல் வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். வயல் வரப்பில் அறுப்பதானால் மருந்து தெளித்த வயலா என்று கேட்டுவிட்டு அறுங்கள். பூச்சிமருந்துப் புல் ஒரே நாளில் கொன்றுவிடும். வைக்கோல் படுக்கைக்கு நல்லது, உணவாக அதில் சத்துப் போதாது. மாட்டுக்குப் போடும் குதிரைமசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கொஞ்சம் போடலாம், வளர்ந்ததற்கு வேண்டாம். சூபாபுல் மரத் தழையை வீட்டு முயலுக்குப் போடாதீர்கள்.

கீரையில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, முள்ளு முருங்கை இலை எல்லாம் கொடுக்கலாம். சாதாரண முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், எப்போதாவது ஒரு ஈர்க்கு போதும். தேவைக்கு மேல் சாப்பிட்ட சுண்ணாம்பை முயல் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும், அது சிறுநீர்ப்பையில் சேறாகப் படிந்து கல்லாகலாம். சிறுநீர் சில நாள் செம்மண் நிறத்தில் வந்தால் பயப்படாதீர்கள், பல சமயம் தழையின் நிறம்தான். முக்கி முக்கிப் போனாலோ, சிறுநீரில் தனியாக ரத்தக்கட்டி தெரிந்தாலோதான் ஓட வேண்டும். பெல்லட் தீவனம் இரண்டு கிலோ முயலுக்கு நாளைக்கு ஒரு கைப்பிடி, 40 முதல் 50 கிராம். சோறு, பிஸ்கட், ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் கூடாது. குட்டிப் பெண் பாசத்தில் ஊட்டிவிடுவாள், அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். வாசலில் அரளிச் செடி இருந்தால் முயலை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்து வெயில். இதை நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு சொன்னாலும் குறைத்தே எடுத்துக்கொள்கிறார்கள். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது பெரும்பாலும் காது வழியாகத்தான் இறக்கும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக் கூண்டில் வைத்த முயல் மதியத்துக்குள் போய்விடும். வீட்டுக்குள்ளே, சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை, ஜன்னல் காற்று, மின்விசிறி. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, பழைய துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள், சாய்ந்துகொள்ளும். குடிக்க மண்சட்டியில் தண்ணீர். பாட்டில் குழாயில் சொட்டுச் சொட்டாக நக்குவதைவிடச் சட்டியில் நிறையக் குடிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கு நுனி நனைந்திருந்தால், அது வெயில் தாக்கியதன் அடையாளம். காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். மற்ற நாளிலும் குளிப்பாட்டவே கூடாது, அதுவே நக்கிச் சுத்தமாக இருக்கும்.

தீபாவளிக்கு ஒரு வார்த்தை. வெடிச்சத்தப் பயத்திலேயே குடல் நின்ற முயல்களைப் பார்த்திருக்கிறேன். அன்று உள்ளறையில் கதவடைத்து, கூண்டின் மேல் போர்வை போர்த்தி, புல்லைக் குவித்து வையுங்கள். பண்டிகை நாளில் மருத்துவரும் ஊரில் இருக்க மாட்டார் என்பதையும் யோசித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கம்பிக் கூண்டுக்குள் தரையில் பலகையோ கோணிச் சாக்கோ விரியுங்கள், இல்லாவிட்டால் பின்னங்கால் புண்ணாகும். காதின் உள்ளே, மூக்கில், விரல் இடுக்கில் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டினால் சொறி. நம் ஊரில் மிகச் சாதாரணம், ஐவர்மெக்டின் ஊசியில் போகும், ஆனால் எடை பார்த்து மருத்துவர்தான் போட வேண்டும். மழைக்காலத்தில் வால் பக்கம் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், தினமும் தூக்கிப் பாருங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

மிச்சமிருப்பது ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தையில் சொல்வது பாதி நேரம் தப்பு. பெண் என்றால் ஐந்தாறு மாதத்தில் கர்ப்பப்பை நீக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். குட்டி போடாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல. நான்கைந்து வயதைத் தாண்டிய பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிறது. துணைக்கு இன்னொன்று வாங்க நினைத்தால் அதற்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள். முயலின் கர்ப்பம் ஏறக்குறைய 31 நாள், ஈன்ற அன்றே மறுபடி சினையாகும். ஜோடியாக வைத்தவர்கள் ஒரு வருடத்தில் என்ன ஆனார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரை இப்போதே தேடுங்கள், முயல் நன்றாக இருக்கும்போதே. உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான், தஞ்சாவூர் தாண்டிக் கொஞ்ச தூரம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது. இதே பல்கலைக்கழகத்துக்குச் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. எந்த நேரம் பார்ப்பார்கள் என்று முன்னதாகவே கேட்டு எழுதி வையுங்கள். உள்ளூரிலும் ஒருவர் வேண்டும். போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை முயல் பார்க்கிறீர்கள்? அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போட வேண்டுமா? "வேண்டாம், கடைசிவரை புல் தின்னட்டும்" என்று பதில் வந்தால் அவர் முயல் அறிந்தவர். "முதல் நாள் இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்றால் அறுவைக்கு வேறு ஒருவரைப் பாருங்கள்.

இனி பணம். நாய், பூனைக்குப் போடுவது போன்ற வருடாந்திரத் தடுப்பூசி இங்கே முயலுக்கு வழக்கத்தில் இல்லை. அதனால் பலர் முயலுக்கு மருத்துவச் செலவே வராது என்று நினைக்கிறார்கள். வராமல் இருந்து, வரும்போது மொத்தமாக ஒரே இரவில் வரும். என் முயல் மணிக்குப் போன வருடம் ஸ்டேசிஸ் வந்தது. இரவு பத்து மணிக்குப் புழுக்கைத் தட்டு காலியாக இருந்தது, காது சில்லிட்டிருந்தது. அவசர நேரக் கட்டணம், எக்ஸ்ரே, வலிக்கு ஊசி, தோலுக்கடியில் ஏற்றும் திரவம், மறுபடி இரண்டு நாள் போய்வர ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆனது. வீட்டில் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டினேன். வயிறு பறை போல விறைத்திருந்தால் ஊட்டவே கூடாது. மணிக்கு அப்படி இல்லை என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரே ஒரு புழுக்கை போட்டான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

எனவே என் கணக்கு இது. ஊருக்கு ஊர் மாறும், நீங்கள் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். தனியார் கிளினிக்கில் ஒருமுறை பார்க்க 300 முதல் 800 ரூபாய். கருத்தடை அறுவை சில ஆயிரம், பெரிய நகரத்தில் பத்தாயிரத்தையும் தொடும். பல் ராவுவதற்கும் மயக்க மருந்துச் செலவோடு சில ஆயிரம். ஆக, முயல் இருக்கும் வீட்டில் 5,000 ரூபாய் இன்றைக்கே தனியாக இருக்க வேண்டும். அதன்மேல் மாதம் 500 போட்டு 15,000 வரை சேருங்கள். அறுவைக்கு அதில் கைவைக்காமல் தனியாகச் சேர்ப்பது நல்லது. முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழும், ஐந்து வயதுக்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தைச் சீட்டிலோ வைப்புத்தொகையிலோ போடாதீர்கள். இரவு பதினோரு மணிக்குப் போனிலேயே எடுத்துக் கொடுக்கும்படி ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

காப்பீடு பற்றிக் கேட்பீர்கள். இங்கே செல்லப்பிராணிக் காப்பீடு பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும்தான். அரசின் கால்நடைக் காப்பீடு பண்ணை விவசாயிகளுக்கானது, பிராணி இறந்தால் ஈடு தருவது. வைத்தியச் செலவுக்கு உதவாது. நம் கையிருப்புதான் நமக்குக் காப்பீடு.

சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். எதுவரை செலவு செய்வோம் என்று நீங்களும் கணவரும் முயல் நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நள்ளிரவில், குழந்தை அழும்போது, மருத்துவர் மேசைக்கு முன் நின்று அதை முடிவு செய்வது கொடுமை. 700 ரூபாய்க்கு ஜோடியாக வாங்கிய முயலுக்கு 7,000 ரூபாயா என்று யாராவது கேட்பார்கள். வாங்கிய விலையை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். பணம் போதாத நிலை வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: எது முக்கியம், எது காத்திருக்கலாம் என்று அவர் பிரித்துச் சொல்வார். வலிக்கு மருந்து மட்டும் எந்த நிலையிலும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலையில் புழுக்கை பெரிதா சிறிதா, நேற்று வைத்த புல் தீர்ந்ததா என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் ஒரு கூடை வைத்து முயலின் எடை. இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறைந்தால் முயல் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு.